குடும்பத்தின் பல் நலமும் பல் காப்புறுதியும்: சந்தா கட்டுவது தகுமா?

உடலை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றுவது திருமூலர் காலந்தொட்டு வரும் நமது மரபு. அந்த ஆலயத்திற்கு வாயிலாக அமைந்தது வாய். இறைவனின் திருநாமத்தைச் சொல்வதும் அந்த வாய்தான். பிரசாதத்தைச் சுவைப்பதும் அந்த வாய்தான். காலையில் எழுந்ததும் பல் துலக்கி நீராடிய பின்னரே விளக்கேற்ற வேண்டும் என்று நம் பெரியவர்கள் வகுத்ததில் பக்தியும் உண்டு, உடல்நலமும் உண்டு.

ஆயினும் மாதச் செலவுக் கணக்கு எழுதும்போது பல்லுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கும் குடும்பங்கள் குறைவே. வலி வந்த பிறகுதான் பல் மருத்துவரின் நினைவு வருகிறது. அப்போது வரும் ரசீதைப் பார்த்த பிறகுதான், "இதற்கு ஒரு காப்புறுதி எடுத்திருக்கலாமோ?" என்ற எண்ணம் எழுகிறது. சிங்கப்பூரில் பல் காப்புறுதி சில நிறுவனங்களால் தனியாகவும், பல முதலாளிகளால் ஊழியர் நலத் திட்டத்தின் ஒரு பகுதியாகவும் வழங்கப்படுகிறது. அதை எடுப்பது நன்மையா, அல்லது அதே பணத்தைச் சேமித்து வைப்பது நன்மையா என்பதை நம் பக்தப் பெருமக்கள் தாங்களே கணக்கிட்டு முடிவு செய்ய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பல் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால்தான் செலவு எப்படி வருகிறது என்று தெரியும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

வலி வருவதற்கு முன்பே நடப்பவை

நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப் பொருளையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுப்பொருளை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். திருவிழா நாளில் உணவோடு சேர்த்து உண்ணும் சர்க்கரைப் பொங்கலோ பஞ்சாமிர்தமோ பெரிய எதிரி அல்ல. வேலை மேசையில் ஒரு குவளை பால் தேநீரை வைத்துக்கொண்டு காலை முழுவதும் மிடறு மிடறாகப் பருகுவதும், பிள்ளைகள் மணிக்கொரு தரம் இனிப்பு பானம் அருந்துவதும்தான் உமிழ்நீருக்கு வேலை செய்ய அவகாசம் தராமல் பல்லைக் கெடுக்கின்றன.

எனாமலுக்கு நரம்பு கிடையாது. ஆகவே சொத்தை தொடங்கும்போது வலிக்காது. அது உள்ளே இறங்கி நரம்பை நெருங்கும்போதுதான் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சமும், பின்னர் இரவில் தூக்கம் கெடுக்கும் வலியும் வரும். "வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

ஈறு நோய் இதைவிடவும் அமைதியானது. பல்லின் அடியில் படியும் அழுக்கு இறுகிக் காறையாகிறது. அது துலக்கினால் போகாது. பல் மருந்தகத்தில்தான் அகற்ற முடியும். துலக்கும்போது இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவது பலரின் வழக்கம். அது தவறு. இரத்தம் வருவது அங்கே அழுக்கு தங்கியிருப்பதன் அறிகுறி. மென்மையாக, ஆனால் நன்றாகத் துலக்க வேண்டிய இடம் அதுவே. கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு தேய்ந்து, சொத்தையே இல்லாத பல்லும் ஆடி விழும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு இது இரட்டைச் சுமை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும்; ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். நம் சமூகத்தில் நீரிழிவு மிகுந்திருப்பதால், வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால் அவருடைய ஈறுகளைப் பற்றியும் கேட்டறிவது பிள்ளைகளின் கடமையாகும்.

வயதுக்கேற்ற பராமரிப்பு

குழந்தைகள்: பால்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ 6 மாதத்தில் முளைக்கத் தொடங்கி 3 வயதுக்குள் நிறைவடையும். "விழப்போகிற பல்தானே" என்று அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. அவை நிரந்தரப் பற்களுக்கு இடம்பிடித்து வைக்கின்றன. முதற்பல் முளைத்ததும், அல்லது ஒரு வயதுக்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க விடுவது முன்பற்கள் சொத்தையாவதற்கு ஒரு பெருங்காரணம். ஃபுளோரைடு கலந்த பற்பசை 3 வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும்.

பள்ளிப் பருவம்: ஏறக்குறைய 6 வயதில், பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய அந்தப் பல்லில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். அவற்றை மெல்லிய பூச்சினால் மூடிவிடும் எளிய சிகிச்சை உண்டு. நேரத்தில் செய்தால் பிற்காலத்துப் பெரும் செலவு குறையும்.

விளையாடும்போது பிள்ளையின் நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால், வேர்ப்பகுதியைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்திற்குள், இயன்றால் அரை மணி நேரத்திற்குள், பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பல நேரங்களில் அதை மீண்டும் பொருத்திக் காப்பாற்ற முடியும். பால்பல் விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்த முயலக் கூடாது.

பெரியவர்கள்: காலையும் இரவும் துலக்குவதோடு, பல்லிடுக்குகளை நூலாலோ சிறு தூரிகையாலோ சுத்தம் செய்ய வேண்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். உடனே நீரால் நன்றாகக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர் பயன்படுத்தினர். குச்சியின் நார் அழுக்கை அகற்றியது உண்மையே. ஆனால் அதில் பற்பசையிலுள்ள அளவுக்கு ஃபுளோரைடு இல்லை. நம் நாட்டுக் குழாய் நீரில் 1950-களின் இறுதியிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கப்படுவது நமக்குக் கிடைத்த நற்பேறு. எனினும் அது பற்பசைக்கு மாற்றாகாது. கர்ப்பிணிகள் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

வெற்றிலை பாக்கு மங்கலப் பொருள். அதைத் தாம்பூலத் தட்டில் வைத்து மரியாதை செய்வது வேறு. நாள்தோறும் பாக்கை மென்று கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மெல்வது வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 2004-ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்தியது. வாயில் தோன்றும் புண்ணோ வெண்திட்டோ சிவந்த திட்டோ இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

மூத்தோர்: இரத்த அழுத்தம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு உட்கொள்ளும் மருந்துகள் பல, வாயை உலரச் செய்யும். உமிழ்நீர் குறைந்தால் ஈறு விலகிய இடத்தில் வேர்ச்சொத்தை விரைவில் பரவும். பொய்ப்பல் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், எலும்புத் தேய்மானத்திற்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும், பல் பிடுங்குவதற்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தாமாக மருந்தை நிறுத்துவது கூடாது.

பல்லில்லாத பெரியவர் குழைந்த சோறும் கஞ்சியுமாகவே காலம் தள்ளுவார். காய்கறி, பருப்பு, பழம் எல்லாம் அவரைவிட்டு விலகும். நாலு பேர் கூடும் இடத்தில் வாய்திறந்து சிரிக்கவும் கூச்சப்படுவார். பல் நலம் என்பது அழகைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செலவு ஏறும் படிகள்

பல் செலவை ஒரு படிக்கட்டாக எண்ணிப் பாருங்கள். முதற்படி, பரிசோதனையும் காறை நீக்கமும். இரண்டாம் படி, சிறு சொத்தையை அடைத்தல். மூன்றாம் படி, நரம்புவரை சென்ற சொத்தைக்கு வேர்ச் சிகிச்சையும் அதன்மேல் உறையும். நான்காம் படி, பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பொய்ப்பல்லோ, பாலப்பல்லோ, எலும்பில் திருகாணி பதித்துப் பொருத்தும் இம்பிளாண்ட் பல்லோ வைத்தல்.

ஒவ்வொரு படிக்கும் செலவு பலமடங்கு ஏறுகிறது. முதற்படியில் நின்றுவிட்டவருக்கு ஆண்டுச் செலவு சிறிது; அதுவும் முன்கூட்டியே தெரிந்த தொகை. மூன்றாம், நான்காம் படிகளே குடும்பத்தின் சேமிப்பை உலுக்குபவை. காப்புறுதித் திட்டம் எதுவாயினும் அது எந்தப் படிக்குப் பணம் தருகிறது என்பதுதான் முதற்கேள்வி.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள உதவிகள்

புதிதாகக் காப்புறுதி எடுக்குமுன் கையில் உள்ளதை எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் மருத்துவச் சேவை உள்ளது. பரிசோதனை, காறை நீக்கம், அடைத்தல் போன்ற அடிப்படைச் சிகிச்சைகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன. பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் படிவத்தைப் பையிலேயே விட்டுவிடாமல் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

சாஸ் என்னும் சமூக சுகாதார உதவித் திட்டத்தின்கீழ் நீல அட்டை, ஆரஞ்சு அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கும், முன்னோடித் தலைமுறையினருக்கும், மெர்டேக்கா தலைமுறையினருக்கும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. முன்னோடித் தலைமுறையினர் என்போர் 1949 அல்லது அதற்கு முன் பிறந்து 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள். 1950 முதல் 1959 வரை பிறந்து 1996 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள் மெர்டேக்கா தலைமுறையினர். இவ்விரு தலைமுறையினருக்கும் வருமானம் பாராமல் மானியம் கிடைக்கும். பச்சை அட்டைக்குப் பல் மானியம் இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் உண்டு. அடைத்தல், வேர்ச் சிகிச்சை, உறை போன்ற பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைகளுக்கான மானியம் 2025-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. மூத்தோர் தங்கள் நெகிழ்வு மெடிசேவை சில பல் சிகிச்சைகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யப்படும் என்றும் சுகாதார அமைச்சு அவ்வாண்டு அறிவித்தது. ஆகவே மருந்தகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

பலதுறை மருந்தகங்கள் சிலவற்றில் பல் பிரிவு உண்டு. கட்டணம் குறைவு, காத்திருப்பு நீளம். அங்கிருந்தோ சாஸ் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால், தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் நிபுணர் சிகிச்சையை மானியக் கட்டணத்தில் பெற வழியுண்டு.

1984-இல் தொடங்கிய மெடிசேவ் பற்றித் தவறான எண்ணம் பலரிடம் உண்டு. பல் துறையில் அது அடிப்படையில் அறுவைச் சிகிச்சைக்கே உரியது. எலும்பில் புதைந்த ஞானப்பல்லை அறுத்து எடுப்பதற்கும், இம்பிளாண்ட் பதிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் குறிப்பிட்ட வரம்புக்குள் பயன்படுத்தலாம். காறை நீக்குதல், சாதாரணமாக அடைத்தல், பல் சீராக்கும் கம்பி ஆகியவற்றுக்கு வழக்கமான மெடிசேவ் இல்லை. "கையில் காசு வேண்டாம், மெடிசேவ் போதும்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அது இலவசம் என்று மயங்கக் கூடாது. அதுவும் நம் முதுமைக்கான மருத்துவப் பணம்தான்.

2015-இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப், விபத்தினால் ஏற்படும் காயம் தவிர்த்த பல் சிகிச்சைகளை ஏற்பதில்லை. ஆகவே மருத்துவமனைக் காப்புறுதி இருப்பதால் பல்லுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

இறுதியாக, உங்கள் வேலையிடம். ஊழியர் நலக் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை வெள்ளி பல் செலவுக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் நிறுவனங்களும் உண்டு. கேட்காததனால் ஆண்டுதோறும் கைநழுவிப் போகும் பணம் இது.

பல் காப்புறுதி எப்படி இயங்குகிறது?

காப்புறுதியின் அடிப்படைத் தத்துவம் எளியது. எப்போதாவது வரக்கூடிய, வந்தால் குடும்பமே தாங்க முடியாத இழப்பைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வது. வீடு தீப்பிடித்தல், இருதய அறுவைச் சிகிச்சை, குடும்பத் தலைவரின் மரணம் ஆகியவை அத்தகையவை.

பல் செலவு பெரும்பாலும் அத்தகையதன்று. ஆண்டுக்கு இருமுறை காறை நீக்குவது யாருக்கும் எதிர்பாராத நிகழ்ச்சி அல்ல. எல்லாருக்கும் நிச்சயமாக வரும் செலவுக்குக் காப்புறுதி எடுத்தால், நாம் கட்டும் சந்தாவிலிருந்து நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் முகவர் கழிவும் இலாபமும் போக மீதிதான் சந்தாதாரர்களுக்குத் திரும்பும்.

அடுத்தது, ஆண்டு உச்சவரம்பு. பல் காப்புறுதித் திட்டங்களில் நிறுவனம் ஓர் ஆண்டுக்கு இவ்வளவுதான் தரும் என்ற எல்லை பொதுவாக உண்டு. சிறு செலவைக் காப்புறுதி ஏற்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் பெருஞ்செலவை நாம் ஏற்கிறோம். குடை தூறலுக்கு விரிந்து, பெருமழைக்கு மடங்கிவிடுவதைப் போன்றது இது.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். சந்தா கட்டிய மறுநாளே உறை போட்டுக்கொள்ள முடியாது. வலி வந்தவர்கள் மட்டும் சேர்ந்து, சிகிச்சை முடிந்ததும் விலகிவிட்டால் திட்டம் நட்டத்தில் மூழ்கும் அல்லவா? அதைத் தடுக்கவே இந்த விதி. சேருமுன்பே இருந்த குறைபாடுகளை ஏற்க மறுப்பதும், முன்பே இழந்த பல்லுக்கு மாற்று வைக்கப் பணம் தராததும் இதே காரணத்தால்தான். முதலாளி எடுக்கும் கூட்டுத் திட்டத்தில் நல்ல பல் உள்ளவரும் கெட்ட பல் உள்ளவரும் சேர்ந்தே இருப்பதால் அங்கே விதிகள் தளர்வாகவும் செலவு குறைவாகவும் இருக்கும். தனிநபர் திட்டம் சற்றுக் கடுமையாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் கட்டணமும் அல்ல. உங்கள் மருந்தகக் கட்டணத்தையும் உங்களிடம் காட்டப்படும் திட்டத்தின் எண்களையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

ஒருவருக்கு ஆண்டுச் சந்தா 250 வெள்ளி. ஆண்டு உச்சவரம்பு 600 வெள்ளி. பரிசோதனைக்கும் காறை நீக்கத்திற்கும் அடைப்பதற்கும் முழுத்தொகை. வேர்ச் சிகிச்சைக்கும் உறைக்கும் பாதித்தொகை, அதுவும் 12 மாதங்களுக்குப் பிறகு. மருந்தகத்தில் ஒருமுறை பரிசோதனையும் காறை நீக்கமும் 100 வெள்ளி. ஓர் அடைப்பு 120 வெள்ளி. வேர்ச் சிகிச்சையும் உறையும் சேர்ந்து 2,000 வெள்ளி.

முதல் நிலை: ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை மட்டும். செலவு 200 வெள்ளி. சந்தா 250 வெள்ளி. காப்புறுதி எடுத்தவருக்கு 50 வெள்ளி நட்டம்.

இரண்டாம் நிலை: அதனுடன் இரண்டு அடைப்புகள். செலவு 440 வெள்ளி. காப்புறுதியே முழுவதும் தருகிறது. சந்தா போக 190 வெள்ளி மிச்சம்.

மூன்றாம் நிலை: இருமுறை பரிசோதனையோடு ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சையும் உறையும். செலவு 2,200 வெள்ளி. விதிப்படி 1,200 வெள்ளி கிடைக்க வேண்டும். உச்சவரம்போ 600 வெள்ளிதான். மீதி 1,600 வெள்ளியை அவரே கட்டுகிறார். சந்தா 250 வெள்ளியையும் சேர்த்தால் 1,850 வெள்ளி. மிச்சம் 350 வெள்ளி. இதே சிகிச்சை சேர்ந்த முதலாண்டிலேயே தேவைப்பட்டிருந்தால் பரிசோதனைக்குரிய 200 வெள்ளி மட்டுமே கிடைத்திருக்கும். 50 வெள்ளி நட்டம்.

இப்போது கணவன் மனைவி இருவரும் ஐந்து ஆண்டுகள் சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சந்தா 2,500 வெள்ளி. ஐந்து ஆண்டுப் பரிசோதனைச் செலவு 2,000 வெள்ளி. இடையில் ஒருவருக்கு ஓராண்டில் இரண்டு அடைப்புகள், 240 வெள்ளி. முதலாண்டுக்குப் பிறகு வேறோர் ஆண்டில் ஒரு வேர்ச் சிகிச்சையும் உறையும், 2,000 வெள்ளி. மொத்தச் செலவு 4,240 வெள்ளி. இதில் காப்புறுதி தருவது 2,640 வெள்ளி. இருவரும் கட்டிய சந்தாவைக் கழித்தால் ஐந்து ஆண்டில் மிஞ்சியது 140 வெள்ளி. அந்த வேர்ச் சிகிச்சை தேவைப்படாமல் போயிருந்தால் 260 வெள்ளி நட்டம்.

ஆக, ஆதாயமும் பெரிதன்று; நட்டமும் பெரிதன்று. ஆனால் இடி விழுந்த ஆண்டில் 1,600 வெள்ளியைச் சொந்தக் கையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குரிய சேமிப்பு எப்படியும் தேவைப்பட்டது. நீல அட்டை வைத்திருப்பவருக்கு மருந்தகச் செலவே குறைந்துவிடுவதால், அதே சந்தாவிற்குக் கிடைக்கும் பயன் இன்னும் குறையும்.

யாருக்குத் தகும், யாருக்குத் தகாது?

முதலாளியே சந்தா கட்டும் திட்டம் என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். சிறு தொகை சேர்த்துக் கட்டினால் குடும்பத்தையும் சேர்க்கலாம் என்றால், முன்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துச் சேருங்கள்.

சாஸ் மானியம் கிடைக்கும் குடும்பத்திற்கும், பள்ளிச் சேவை பெறும் வயதுப் பிள்ளைகளுக்கும், பல் உறுதியாக இருந்து முறையாகப் பரிசோதனைக்குச் செல்பவருக்கும் தனிநபர் பல் காப்புறுதி பெரும்பாலும் தேவைப்படாது. சந்தாவுக்குரிய தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வந்தால், அதற்கு உச்சவரம்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை; பயன்படாத ஆண்டில் அது நம்மிடமே இருக்கும்.

எந்த மானியமும் இல்லாமல், அடிக்கடி சொத்தை வரும் இயல்பும் உள்ளவருக்கு, உச்சவரம்பு தாராளமான திட்டம் கிடைத்தால் அது பயன்தரலாம். கையில் பணமிருந்தால் செலவாகிவிடும், சந்தா கட்டியிருந்தால்தான் "கட்டிய பணம் வீணாகிறதே" என்று பரிசோதனைக்குப் போவேன் என்பவருக்கும் அது ஒரு தூண்டுகோலாகும். ஆண்டுக்கு இருமுறை மருத்துவரிடம் போகச் செய்வதே அத்திட்டத்தின் பெரிய நன்மையாக அமையலாம்.

பல்லைச் சீராக்கும் கம்பிக்காகவே காப்புறுதி தேடுவோர் விதிகளை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். திட்டங்கள் பல, பல் சீரமைப்பையும் அழகுச் சிகிச்சையையும் ஏற்பதில்லை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு? அது ஒருவருக்கா, குடும்பம் முழுமைக்குமா?
2. எந்தச் சிகிச்சைக்கு எத்தனை விழுக்காடு? ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி வரம்பு உண்டா?
3. எதற்கு எத்தனை மாதக் காத்திருப்பு?
4. முன்பே உள்ள சொத்தை, முன்பே இழந்த பல் ஆகியவை ஏற்கப்படுமா?
5. எந்த மருந்தகங்களுக்குச் செல்லலாம்? இப்போதைய குடும்பப் பல் மருத்துவர் அப்பட்டியலில் உள்ளாரா?
6. சந்தா வயதோடு ஏறுமா? எந்த வயதில் திட்டம் நின்றுவிடும்?
7. மானியம் கழித்த தொகைக்கா, முழுத்தொகைக்கா இழப்பீடு?

வாய்மொழி உறுதி போதாது. விடைகள் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜோகூருக்குச் செல்லலாமா?

பாலத்தைக் கடந்தால் செலவு குறைவு என்று பலர் செல்கின்றனர். தகுதி பெற்ற மருத்துவர்கள் அங்கும் உள்ளனர். ஆனால் சாஸ் மானியம் அங்கே செல்லாது; காப்புறுதியும் பட்டியலில் உள்ள மருந்தகங்களோடு நின்றுவிடலாம். வேர்ச் சிகிச்சை, இம்பிளாண்ட் போன்றவற்றுக்குப் பலமுறை செல்ல வேண்டும். நடுவில் வீக்கமோ வலியோ வந்தால் உடனே ஓடிப்போய்ப் பார்க்க முடியுமா என்பதையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எங்கே சென்றாலும், இங்கு சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்திலும் அங்கு மலேசியப் பல் மருத்துவ மன்றத்திலும் பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டுமே வாய் திறக்க வேண்டும். மலிவு விலையில் வீட்டில் வைத்துப் பல் கம்பி மாட்டிவிடும் போலிகளிடம் இளம்பிள்ளைகள் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மைச் சுற்றி உள்ளவர்கள்

நம் ஆலயங்களுக்கு வரும் அடியார்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் உள்ளனர். அவர்களுக்காக முதலாளிகள் கட்டாயமாக எடுக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைச் செலவுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது; வழக்கமான பல் பராமரிப்புக்கு உரியதன்று. பல்வலியோடு வேலைக்குச் செல்பவரைக் கண்டால், வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமும் பல் சிகிச்சையும் அளித்துவரும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகளைப் பற்றிச் சொல்லுங்கள். மானியத்திற்குப் பின்னும் கட்ட இயலாத குடிமக்கள், பொது மருத்துவ நிலையங்களில் உள்ள மருத்துவச் சமூக ஊழியரை அணுகினால் 1993-இல் தொடங்கிய மெடிஃபண்ட் நிதி முதலிய உதவிகளுக்கு வழிகாட்டுவார்.

தனித்து வாழும் ஒரு பாட்டிக்குச் சாஸ் அட்டை இருந்தும் அதைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று தெரியாமல் இருக்கலாம். அவரை ஒருமுறை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று, பொருந்தும் பொய்ப்பல் ஒன்று கிடைக்கச் செய்தால், அவர் மீண்டும் வாய்நிறைய உண்பார். நாலு பேர் நடுவே சிரிப்பார். அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் நம் நன்கொடையாளப் பெருமக்களுக்கு இதைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உண்ணக் கொடுப்பது ஓர் அறம் என்றால், உண்ண முடியும்படி செய்வதும் அதே அறத்தின் மறுபாதிதான்.

சந்தா கட்டுவதோ சேமிப்பதோ அவரவர் குடும்பக் கணக்கைப் பொறுத்தது. எந்த வழியைத் தேர்ந்தாலும் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் துலக்குவதும், வலிக்கும்வரை காத்திராமல் மருத்துவரைப் பார்ப்பதும் எல்லாருக்கும் பொது. இந்த ஆண்டு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அனைவரும், கடைசியாகப் பல் மருத்துவரைப் பார்த்தது எப்போது என்று வீட்டார் ஒவ்வொருவரிடமும் இன்றே கேளுங்கள். விடை சொல்ல யாராவது தடுமாறினால், நாளைக் காலை முதல் வேலையாக அவருக்கு ஒரு முன்பதிவு செய்துவிடுங்கள். எல்லாரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற நலமும் பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.